தஞ்சாவூர் லாட்ஜில் துண்டு போட்டவர்கள்

மொச்சைக்குறிச்சிக்காரர்களுக்கு மூளை கிடையாது என்று அக்கம்பக்கத்து ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள் கிளப்பிவிட்டது அது. மூளை எல்லோருக்கும் இருந்தது. புதுப் பாத்திரத்தைப் பரணில் ஏற்றி வைப்பது போல, விசேஷ நாளைக்கு ஆகட்டும் என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த விசேஷம் உலகநாதன் ரூபத்தில் வந்தது. உலகநாதனுக்குக் கல்யாண வயது எப்போதோ வந்து, கொஞ்ச காலம் காத்திருந்து பார்த்துவிட்டு, இப்போது கிளம்பத் தயாராக நின்றது. போன தடவை பெண் பார்க்கப் போனபோது சற்றே தாமதமாகிவிட்டது. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண்ணின் கல்யாணப் பந்தி நடந்துகொண்டிருந்தது. வந்தது வந்தாயிற்று என்று உட்கார்ந்து சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டுத் திரும்பினார்கள். சாப்பாடு பிரமாதம் என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள். உலகநாதனுக்குத்தான் ஒரு கவளம்கூடத் தொண்டையில் இறங்கவில்லை.

இந்தத் தடவை பெண் தஞ்சாவூர். பெயர் மரகதவல்லி. அவள் அப்பா பாலகுரு தரகரிடம் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் ராகுகாலத்துக்கு முன்னால் வந்துவிட வேண்டும். மத்தியானம் கும்பகோணத்திலிருந்து வேறொரு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். மொச்சைக்குறிச்சியின் முதல் பஸ் தஞ்சாவூரை எட்டும்போது ராகுகாலம் பாதி கழிந்திருக்கும். ஆகவே வியாழக்கிழமையே போய் லாட்ஜில் தங்குவது என்று முடிவாயிற்று. ஊரில் அதுவரை யாரும் லாட்ஜ் வாசலை மிதித்ததில்லை.

லாட்ஜ் விவரம் தெரிந்த ஒரே ஆள், அந்த வழியாக லாரி ஓட்டிப் போகும் ரெங்கராஜு. டீக்கடையில் அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

"பெரிய கோயிலுக்குப் போற வழியில மலிவா ஒரு லாட்ஜ் இருக்கு. மாடி ரூமா கேளுங்க, ஜன்னலைத் தொறந்தா கோபுரம் தெரியும். முகூர்த்த நாளு, கூட்டம் அள்ளும். முன்னாடியே எடத்தப் புடிச்சு வச்சுக்குங்க. ரூமைப் பாக்காம பணம் குடுக்காதீங்க. கதவப் பூட்டாம வெளியே வராதீங்க." இவ்வளவையும் சொல்லிவிட்டு ரெங்கராஜு லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நல்ல மனிதர். நடந்தது எதற்கும் அவர் பொறுப்பில்லை.

அன்று சாயங்காலம் உலகநாதன் வீட்டில் ஆலோசனை. உலகநாதனுக்கு அப்பா அம்மா இல்லை. ஆலோசிக்க மூன்று பேர் இருந்தார்கள். யோசனைக்குப் பேர்போன தாய்மாமன் கச்சிராயன், எதிலும் ஓட்டை கண்டுபிடிக்கும் அக்கா பூங்காவனம், சொன்னதைச் செய்யும் அக்கா புருஷன் அம்மையப்பன்.

"எடத்த எப்படி மாமா முன்னாடியே புடிக்கிறது?" என்று கேட்டான் உலகநாதன்.

"போன் போட்டுச் சொல்லலாம்ல?" என்றாள் பூங்காவனம்.

கச்சிராயன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏம்மா, பஸ்ஸுல போன் போட்டா எடம் புடிக்கிறோம்? துண்டப் போடுறோம். துண்டு கெடந்தா ஒருத்தன் உக்காருவானா? கலெக்டரே வந்தாலும் உக்கார மாட்டாரு. மனுசன் வாக்கு மாறுவான். துண்டு மாறாது."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அறிவு பேசினால் அப்படித்தான் இருக்கும்.

"சரி, மாடி ஜன்னல் வரைக்கும் துண்டு போவுமா?" என்று பூங்காவனம் ஓட்டையைக் கண்டுபிடித்தாள்.

"முனையில கல்லு முடிஞ்சு வீசுனா போவும்."

மறுநாள் முதல் ரைஸ்மில் மாடி ஜன்னலில் பயிற்சி நடந்தது. அம்மையப்பன் வீசியது மில்லைத் தாண்டிப் போயிற்று. கச்சிராயன் வீசியது அவர் தலையிலேயே வந்து விழுந்தது. மில்லுக்குள் தவிடு அள்ளிக்கொண்டிருந்தவர்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள். கடைசியில் உயரக் கொடியில் புடவையை வீசிப் பழகிய பூங்காவனம்தான் குறி தப்பாமல் போட்டாள்.

திங்கட்கிழமை நால்வரும் தஞ்சாவூர் போனார்கள். லாட்ஜைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எந்த ஜன்னல் என்பதுதான் சிக்கல். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால், எந்த ஜன்னலிலும் கோபுரம் தெரியவில்லை; உள்ளே காலண்டரும் கொடியில் பனியனும்தான் தெரிந்தன. நல்லவேளையாக ஒரு ஜன்னலின் திறந்திருந்த கண்ணாடிக் கதவில் எதிரே இருந்த கோபுரத்தின் பிம்பம் பளிச்சென்று விழுந்திருந்தது.

"அதோ, கோபுரம் தெரியிற ஜன்னல்" என்றான் உலகநாதன். பெண் பார்க்கப் போகும்போது தோளில் போடவென்று வாங்கிய பச்சைக் கரைத் துண்டை எடுத்து அக்காவிடம் கொடுத்தான். கல்லோடு துண்டு உள்ளே போயிற்று. உள்ளே யாரோ "ஐயோ" என்றார்கள்.

"உள்ளார ஆள் இருக்கு போலருக்கே?" என்றாள் பூங்காவனம்.

"இருந்தா என்ன, எறங்குற ஆளா இருக்கும்" என்றார் கச்சிராயன். மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று உலகநாதன் கேட்டதற்கும் அவரிடம் பதில் இருந்தது: பஸ்ஸில் டிரைவரிடம் கேட்டுக்கொண்டா துண்டு போடுகிறோம்? நிம்மதியாக ஊர் திரும்பினார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் மூட்டை முடிச்சோடு லாட்ஜுக்குள் நுழைந்தார்கள். மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ரூம் இல்லீங்க. எல்லாம் ஃபுல்" என்றார்.

உலகநாதன் வாசல் பக்கம் திரும்பினான். கச்சிராயன் அசையவில்லை. "அது மத்தவங்களுக்கு. நாங்க திங்கக்கெழமையே துண்டு போட்டாச்சு. பச்சைக் கரை."

மேனேஜர் இப்போது நிமிர்ந்தார். "ஓகோ. கல்லு கட்டின துண்டா? நீங்கதானா அது? மருந்துக் கம்பெனிக்காரர் மண்டை வீங்கிப் போச்சுய்யா. லாட்ஜே வேண்டாம்னு காலி பண்ணிட்டுப் போயிட்டாரு."

"நாந்தான் சொன்னேனே, எறங்குற ஆளுன்னு" என்றார் கச்சிராயன் பெருமையாக.

"இப்ப அந்தத் துண்டு எங்க?" என்று உலகநாதன் கேட்டான். மேனேஜர் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. அவர் நாற்காலியிலேயே அது கிடந்தது. முதுகு வியர்வைக்காக விரித்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

மொச்சைக்குறிச்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சட்டம் தெளிவாக இருந்தது. துண்டு எங்கே கிடக்கிறதோ அதுதான் இடம். ரூமை எதிர்பார்த்து வந்தவனுக்கு நாற்காலி கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் கிடைத்ததை விட முடியுமா? "கொஞ்சம் எந்திரிங்க சார். எங்க எடம்" என்றான் உலகநாதன் பணிவாக.

மேனேஜர் ஆளைக் கூப்பிடுவதற்காகக் கோபமாக எழுந்தார். அவர் எழுந்ததும் உலகநாதன் உட்கார்ந்தான். அப்புறம் அவனை அசைக்க முடியவில்லை. அம்மையப்பன் பக்கத்தில் நின்றுகொண்டார். அதற்குள் பெட்டியும் கையுமாக ஒரு குடும்பம் உள்ளே வந்து, நாற்காலியில் இருந்தவனிடம் தங்கள் ரூம் தயாரா என்று கேட்டது.

"துண்டு போட்டிருக்கீங்களா?" என்று கேட்டான் உலகநாதன்.

"இல்லீங்களே."

"அப்ப எப்படிங்க?" என்று அவன் வருத்தத்தோடு சொல்ல, அவர்களும் வருத்தத்தோடு போய்விட்டார்கள். அந்தக் குடும்பம் ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்த குடும்பம். மேனேஜர் தெருவரை ஓடி அவர்களை அழைத்து வந்துவிட்டு, மூச்சு வாங்க நின்றார்.

"மொட்டை மாடியில பாய் போட்டுத் தரேன். கோபுரம் முழுசாத் தெரியும். புண்ணியமாப் போகும், நாற்காலிய விடுங்க" என்றார்.

"ரூமைப் பாக்காம பணம் குடுக்க மாட்டோம்" என்றாள் பூங்காவனம்.

மாடிக்குப் போனார்கள். நாலு பக்கமும் தேடினார்கள். தண்ணீர்த் தொட்டி இருந்தது, காயப்போட்ட போர்வைகள் இருந்தன. ரூம் கண்ணில் படவில்லை. "பாக்க முடியாததுக்கு எப்படி சார் பணம் குடுக்கிறது?" என்று கச்சிராயன் நியாயத்தைக் கேட்டார். மேனேஜர் பணமே வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

சாயங்கால வெயிலில் கோபுரம் தங்கமாக ஜொலித்தது. உலகநாதனுக்குச் சந்தேகம். ஜன்னலைத் திறந்தால்தானே தெரியும் என்றார் ரெங்கராஜு? ஜன்னலே இல்லாமல் தெரிவது முறைதானா? இரண்டு உள்ளங்கைகளையும் முகத்துக்கு நேரே சேர்த்து மூடி, ஜன்னல் கதவைப் போல மெல்லத் திறந்தான். கோபுரம் தெரிந்தது. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. நாளைக்கு எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று மனசு சொல்லிற்று.

வெள்ளிக்கிழமை காலை குளித்து, விபூதி பூசி, பச்சைக் கரைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பும் நேரத்தில்தான் பூங்காவனம் அடுத்த ஓட்டையைக் கண்டுபிடித்தாள். "கதவப் பூட்டாம வெளியே வரக் கூடாதுன்னாரே. இங்க கதவு எங்க இருக்கு?"

மாடிப்படி வாசலில் நிலை மட்டும்தான் இருந்தது. கதவு என்றைக்கோ பெயர்ந்து போயிருந்தது. பூட்டு கையில் இருந்தது. ஊரில் வீட்டுக்குப் போட்டிருந்ததைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். கதவில்லாமல் பூட்ட முடியாது, பூட்டாமல் வெளியே போக முடியாது. நால்வரும் பாயில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. உலகநாதனுக்குப் போன தடவைப் பந்தி கண்ணுக்குள் வந்து நின்றது. "மாமா, ராகுகாலம் வந்துரும் மாமா" என்று அழாத குறையாகச் சொன்னான்.

கச்சிராயன் கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது அம்மையப்பன்மேல் பார்வை நிலைத்தது. அகலமான ஆள். "மாப்ள, நீங்கதான் கதவு."

"சரிங்க" என்று அம்மையப்பன் போய் நிலைக்கு நடுவே நின்றார். அவர் சட்டைப் பொத்தான் துளையில் பூட்டை மாட்டிப் பூட்டி, சாவியை உலகநாதன் இடுப்பில் செருகிக்கொண்டான். "அவரு நல்லா நிப்பாரு. வீட்டுல வேற என்ன செய்யிறாரு" என்று பூங்காவனம் சான்று கொடுத்தாள். போர்வை எடுக்க வந்த லாட்ஜ் ஆளை அம்மையப்பன் உள்ளே விடவில்லை. "பூட்டியிருக்கு" என்றார்.

மூவரும் ஓட்டமும் நடையுமாகப் போய், ராகுகாலத்துக்குச் சற்று முன்னால் பாலகுரு வீட்டுக்குள் நுழைந்தார்கள். கூடத்தில் மாப்பிள்ளைக்கென்று ஒரு நல்ல நாற்காலி போட்டிருந்தது. கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, காபியோடு மரகதவல்லியும் வந்தாள். உலகநாதனுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. இவள் இல்லாவிட்டால் இனி யாரையும் பார்க்கப் போவதில்லை என்று அந்த நிமிஷமே தீர்மானித்தான்.

"ஊருல எந்த லாட்ஜுலயும் எடம் இல்லேன்னாங்களே. உங்களுக்கு எப்படிக் கெடச்சுது?" என்று கேட்டாள் அவள்.

"முன்னாடியே ஜன்னல் வழியா துண்டு போட்டுட்டேங்க."

மரகதவல்லி கொஞ்சம் யோசித்தாள். "சும்மா போட்டா மாடிக்குப் போவாதே. கல்லு முடிஞ்சு போட்டீங்களா?"

"ஆமாங்க."

"அதான் சரி" என்று அவள் மெச்சிக்கொண்டு உள்ளே போனாள். உலகநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. இதுவரை யாரும் அவனைப் பார்த்து அதான் சரி என்று சொன்னதில்லை.

பாலகுரு தொண்டையைச் செருமினார். "எங்களுக்கும் பிடிச்சுதான் இருக்கு தம்பி. ஆனா மத்தியானம் கும்பகோணத்துக்காரங்க வர்றாங்க. அவங்களையும் பாத்துட்டுச் சொல்றோம்."

உலகநாதன் மாமாவைப் பார்த்தான். கச்சிராயன் தலையை லேசாக அசைத்தார். உலகநாதன் எழுந்து, தோளிலிருந்த பச்சைக் கரைத் துண்டை எடுத்து நாற்காலியில் விரித்துவிட்டு வாசலுக்கு நடந்தான்.

"தம்பி, துண்ட மறந்துட்டுப் போறீங்க."

"மறக்கலீங்க. போட்டிருக்கேன்."

லாட்ஜுக்குத் திரும்பி வந்து அம்மையப்பனைத் திறந்தார்கள். கச்சிராயன் பிடித்துத் தள்ளியதும் அவர் "கிறீச்" என்று ஒரு பக்கமாக ஒதுங்கினார்.

மத்தியானம் நடந்தது உலகநாதனுக்குப் பின்னால்தான் தெரிந்தது. கும்பகோணத்து மாப்பிள்ளை வந்து, துண்டை நகர்த்திவிட்டு உட்காரப் போனாராம். உள்ளேயிருந்து மரகதவல்லியின் குரல் வந்ததாம்: "அங்க உக்காராதீங்க. ஆள் வருது." அவர் பஜ்ஜித் தட்டோடு கடைசிவரை நின்றுகொண்டே இருந்துவிட்டு, கால் கடுக்கக் கும்பகோணம் போய்ச் சேர்ந்தாராம். பாலகுரு வேறு வழியில்லாமல் சம்மதம் சொல்லி அனுப்பினார்.

கல்யாணம் தஞ்சாவூரிலேயே ஒரு மாடி மண்டபத்தில். முகூர்த்தம் நெருங்கியது. மாப்பிள்ளையையும் பெண்ணையும் அழைத்து வரச் சொல்லிவிட்டுத் திரும்பிய ஐயர் மணவறையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் பலகையில் பச்சைக் கரைத் துண்டு விரித்திருந்தது. முந்தின நாளே போட்டது. பக்கத்துப் பலகையில் ஒரு பூப்போட்ட துண்டு கிடந்தது. அது யாருடையது என்று பாலகுருவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வீட்டுக் கொடியில் தினமும் பார்க்கிற துண்டு.

இடம் பத்திரமாக இருக்கும்போது என்ன அவசரம்? கீழே சாப்பாட்டுக் கூடத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்திருந்தார்கள். இந்தத் தடவை கல்யாணச் சாப்பாடு உலகநாதனுக்குத் தொண்டையில் சுகமாக இறங்கியது. மரகதவல்லி அவனுக்காக இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கினாள்.

மேலே ஐயர் படிக்கட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் தவறினால் இன்னொரு நல்ல நேரத்துக்கு எங்கே போவது? இரண்டு துண்டுகளின் முனையையும் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு, "கெட்டிமேளம்" என்றார்.