முயல் பிடுங்காத செடி

குளக்கரையில் ஒரு முயல் தக்காளி போட்டிருந்தது. பன்னிரண்டு செடிகள். முயலுக்கு மூன்று குட்டிகள்.

ஐப்பசியில் புயல் அடித்தது. குளத்தின் கரை உடைந்து, சுற்றியிருந்த புல்லெல்லாம் சேற்றுக்குள் அழுகியது. தக்காளிச் செடிகளும் சாய்ந்தன. ஆனால் ஒன்றுகூட வேரோடு பெயர்ந்துவிடவில்லை. இனி புல் முளைக்கும்வரை அந்தக் குடும்பத்துக்குத் தக்காளிதான் ஆகாரம்.

பக்கத்துப் புதரிலிருந்த முள்ளம்பன்றி, தான் உதிர்த்த நீளமான முட்களைக் கொண்டுவந்து கொடுத்தது.

"செடிக்கு ஒன்றாக ஊன்றிக் கட்டு, தங்கச்சி."

முயல் வாழைநாரால் கட்டியது. பன்னிரண்டும் நிமிர்ந்தன.

முள்ளம்பன்றி கடைசிச் செடியருகே நின்றது. இலைகளில் கரும்புள்ளி. தண்டிலும் கறுப்பு இறங்கியிருந்தது.

"இதைப் பிடுங்கித் தூரமாகப் புதைத்துவிடு."

"அண்ணே, இதில்தான் காய் அதிகம். பதினேழு இருக்கிறது."

"காயை எண்ணாதே. தண்டைப் பார்."

"உங்களுக்கென்ன, கிழங்கு தோண்டித் தின்பீர்கள். என் பிள்ளைகள் எதைத் தின்னும்?"

"அதற்காகத்தான் சொல்கிறேன். மனசு வராவிட்டால் தொடாமலாவது இரு. இதைத் தொட்ட ஈரக் கையோடு அடுத்ததைத் தொட்டால் அதுவும் போய்விடும்."

முயல் தலையாட்டியது. முள்ளம்பன்றி போனதும், புள்ளி விழுந்த இலைகளை மட்டும் கிள்ளியது. கிள்ளியதை எறியவும் மனம் வரவில்லை. மற்றச் செடிகளின் அடியில் பரப்பியது.

"வேருக்குக் குளிர்ச்சி" என்று குட்டிகளிடம் சொன்னது. பிறகு அதே கையால் பதினொரு செடிகளையும் ஒவ்வொன்றாகத் தடவிக்கொடுத்தது.

சில நாளில் அடுத்த செடியில் புள்ளி விழுந்தது. அதற்கடுத்ததிலும் விழுந்தது. காய்கள் பழுக்காமலே கறுத்து உதிர்ந்தன.

முயல் ஓடிப்போய் முள்ளம்பன்றியை அழைத்துவந்தது.

"அந்தச் செடியை இப்போதே பிடுங்கிவிடுகிறேன், அண்ணே."

முள்ளம்பன்றி வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்த்தது.

"எந்தச் செடியை?" என்றது.

தை மாதம் புல் துளிர்த்தது. முயலோடு மேய ஒரு குட்டிதான் வந்தது. தோட்டத்தில் முட்கள் மட்டும் நேராக நின்றன. நார் அவற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

கெட்டுப்போன ஒன்றை விட மனமில்லாதவர், நன்றாயிருக்கும் மற்றவற்றையும் தம் கையாலேயே அழித்துவிடுவார்.