ஓம வாசம்

"மாஸ்டர், நீங்க எனக்குத் தொழிலை முழுசாச் சொல்லித் தரலை."

சொன்னவர் குழந்தைவேலு. ஐம்பது வயது. கோயில் சுவரில் சாமிப் படம் எழுதிக்கொண்டிருந்த மனுஷர். சினிமாவுக்கு ரத்தம் கலக்கக் கற்றுக்கொள்ள வந்து ஒரு வருஷம் ஆகிறது. மாஸ்டர் சவரிராஜ் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

இப்போது வருகிற படங்களுக்கு ரத்தம் பாட்டில் கணக்கில் போதாதுங்க. வாளி வாளியாக வேண்டும்.

சர்க்கரைப் பாகு, சிவப்புச் சாயம், துளி காப்பித் தூள். எல்லாம் மாஸ்டர் சொல்லிக் கொடுத்தார். கடைசியில் ஓம வாட்டர் நாலு மூடி ஊற்றுவார். அது எதற்கென்று மட்டும் சொல்ல மாட்டார்.

வெட்டுப்பட்டுக் கிடக்கிறோமா, வயிற்றுவலிப் பிள்ளைக்கு மருந்து புகட்டுகிறோமா என்று சண்டைக்காரர்கள் கேலி பேசுவார்கள்.

குழந்தைவேலுவுக்குச் சந்தேகம். நல்ல சரக்கை வேண்டுமென்றே கெடுக்கிறாரோ? அசல் பக்குவத்தை ஒளித்துவைத்துக்கொண்டு இதைத் தன் தலையில் கட்டுகிறாரோ?

"ஓமம் ஊத்தினா நிறம் கூடுதா மாஸ்டர்?"

"இல்லண்ணே."

"கேமராவுல தெரியுதா?"

"கேமராவுக்கு ஏதுண்ணே மூக்கு?"

"பின்னே யாருக்கு?"

மாஸ்டர் கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் கிடங்குச் சண்டை. குழந்தைவேலுதான் தனியாகக் கலந்தார். ஓமத்தை விட்டுவிட்டார். பார்த்துவிடுவோமே என்று.

சண்டைக்காரர் துரைக்கண்ணு. வயிற்றில் கட்டியிருந்த பை உடைந்து சிவப்பு பீய்ச்சி அடித்தது. துடித்து விழுந்தார். அத்தனை பேரும் கை தட்டினார்கள். அசலேதான் என்றார் டைரக்டர். குழந்தைவேலுவுக்கு உடம்பெல்லாம் பூரித்துப் போனது.

மாஸ்டர் கை தட்டவில்லை. பத்தடி தள்ளி நின்று மூச்சை இழுத்தார். மறுபடியும் இழுத்தார்.

ஓடினார்.

ஒரு செருப்பு கழன்றுபோனது. சண்டையில் உடைந்து கிடந்த பாட்டில்கள் மேலேயே ஓடினார். துரைக்கண்ணுவின் சட்டையைக் கிழித்து வயிற்றைத் தடவித் தடவித் தேடினார்.

"எங்கேடா வெட்டு? ஓம வாசம் வரலையேடா."

துரைக்கண்ணு கூச்சம் தாங்காமல் நெளிந்து சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

மாஸ்டர் எழுந்து நடந்தார். சிமெண்டுத் தரையில் ஒற்றைக் கால் தடம், சிவப்பாக, வாசல் வரைக்கும்.

டைரக்டர் குனிந்து பார்த்தார்.

"இது அதைவிட நல்லா இருக்கே. யாருண்ணே கலந்தது? துடைச்சிடாதீங்க, ஒரு ஷாட் எடுத்துக்கலாம்."

வாசல்படியில் மாஸ்டர் உட்கார்ந்து, உள்ளங்காலில் இருந்து கண்ணாடிச் சில்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

குழந்தைவேலு அந்தத் தடத்தை மோந்து பார்த்தார். வாளியையும் மோந்து பார்த்தார்.

பிறகு ஓம பாட்டிலைத் தேடி எடுத்தார். மூடியால் அளக்காமல் வாளியில் கவிழ்த்தார்.