நெனைச்சாலே சுடுற ரைபிள்

என்ற ரைபிளைக் கெடுத்தவன் நீதான். பேரு சொல்ல மாட்டேன். சொன்னா அது உன்ற லேத்துப் பட்டறைக்கு விளம்பரமாப் போயிரும்.

வாங்குன பொருளை வாங்குன மாதிரியே வச்சிருந்தா அவன் கோயமுத்தூர்க்காரனே இல்லை. நான் பழைய மோட்டார் யாவாரம் பண்ணி, சந்தைக்குச் சந்தை திட்டு வாங்கி மேல வந்தவன். பம்ப் செட்டாகட்டும், மிக்ஸியாகட்டும், ஊட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி பட்டறைக்குப் போயித்தான் வரும். ரைபிள் கிளப்புல சேந்து, லைசென்ஸ் வாங்கி, போட்டியில சுடறதுக்குன்னு ஒரு செமி ஆட்டோமேட்டிக் எடுத்தேன். விசையை ஒருக்கா இழுத்தா ஒரு குண்டு. எனக்கு அது பத்தலை, ஒருக்கா இழுத்தா விடாமச் சுடோணும். பாதி ஆட்டோமேட்டிக்குக்கு முழு வெலை குடுத்திருக்கேன், மீதிப் பாதி எங்கடான்னு உன்றகிட்ட வந்து கேட்டேன்.

"அதுல கை வைக்கக் கூடாதுங்ணா, சட்டம் இருக்குது"ன்னே. நான் விடுவனா? காலைல புடிச்சு பொழுது சாயற வரைக்கும் பேசினேன். பேச்சுத் தாங்காம கை வச்சே. வச்சவன் ஒழுங்கா வச்சிருக்கோணுமா வேண்டாமா?

அதுக்குள்ள எலெக்சன் வந்துருச்சு. எலெக்சன்னா லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷன்ல ஒப்படைச்சரோணும், உனக்கே தெரியும். ஓட்டு எண்ணி முடிஞ்சு எல்லாத்துக்கும் திருப்பிக் குடுத்தாங்க. எனக்கு மட்டும் இல்லை. லைசென்ஸ்ல எழுதியிருக்கற மாதிரி இது இல்லியே, ஆளை வச்சுப் பார்த்துட்டுச் சொல்றோம்னுட்டாங்க. லைசென்ஸ் போனா கிளப்பு போச்சு. கிளப்பு போனா 'ரைபிள் நாச்சிமுத்து'ங்கற பேரு போச்சு. அப்புறம் நான் வெறும் மோட்டார் நாச்சிமுத்து. அந்தப் பேர்ல ஊருக்குள்ள ஏற்கெனவே மூணு பேரு இருக்கறாங்க.

அதனாலதான் நேத்து சாயங்காலம் ராயப்பன் பேக்கரியில நாலு வார்த்தை பேச வேண்டியதாப் போச்சு.

டீயை வச்சுட்டு ராயப்பன்தான் ஆரம்பிச்சான். "ஏனுங்ணா, உங்களுக்கு மட்டும் இன்னும் குடுக்கலியாமா?"

"குடுக்க மாட்டாங்க. பயந்துட்டாங்க."

"ஆரு?"

"டிபார்ட்மென்டே."

பஞ்சு வேஸ்ட் யாவாரி கனகசபை பப்ஸைப் பாதியில நிறுத்திட்டுப் பார்த்தான். மூலையில சென்னியப்பன் பேப்பர் படிச்சிட்டிருந்தாரு. போலீஸ் ஆயுதக் கிடங்குல இருந்து ரிட்டையர் ஆனவரு. அவரு தலையைத் தூக்கவே இல்லை. அது எனக்குப் புடிக்கலை. சத்தத்தைச் சித்தெ கூட்டுனேன்.

"விசையை அந்தளவுக்கு லேசாக்கியாச்சு. வெரலே வேண்டாம், நெனைச்சாப் போதும், சுட்டுரும். எனக்குக் கோவம் வர்றது உங்களுக்குத் தெரியும். என்ற மச்சினனை நெனைக்காம இருக்கறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ரைபிளைப் பரண்ல போட்டுட்டு, நாள் முச்சூடும் ஒண்ணாம் வாய்ப்பாடு சொல்லிட்டுக் கெடந்தேன்."

"உங்களுக்கு ஒண்ணாம் வாய்ப்பாடுதான் தெரியுமுங்களா?" கனகசபை கேட்டான்.

"அதுலயே கோவம் அடங்கிருச்சு. மேல தேவைப்படலை."

அப்பவும் சென்னியப்பன் பேப்பரைத் திருப்புனாரு. சரி, இவருக்கு இது பத்தாதுன்னு அடுத்ததை எடுத்தேன்.

"அப்புறம் வேகம். கிளப்பு மைதானத்துல பாலமலையைப் பார்த்து வச்சு இழுத்தேன் பாருங்க. குண்டு தனித்தனியா வரலை. ஒண்ணு வெளிய போறதுக்குள்ள அடுத்தது பின்னாடி முட்டி, அதுக்குப் பின்னாடி ஒண்ணு முட்டி, ஒரே கம்பியா நீண்டுருச்சு. அந்தக் கோடி மலையில குத்தி நிக்குது, இந்தக் கோடி குழாய்ல இருக்குது. எங்கூட்டு அம்மிணி வந்து பார்த்தா. ஒரு வார்த்தை கேக்கலை. பக்கெட்டை எடுத்துட்டு வந்து நாலு பொடவையைக் காயப் போட்டுட்டுப் போயிட்டா."

"காஞ்சுதுங்களா?"

"குண்டு சூடா இருக்குமில்ல? போட்டதும் காஞ்சுருச்சு. இஸ்திரி போட்ட மாதிரி வேற."

ராயப்பன் இன்னொரு டீ கொண்டாந்து வச்சான். கேக்கறவன் டீயை வச்சான்னா கதை ஏறுதுன்னு அர்த்தம். நானும் ஏறுனேன்.

"அவ்வளவு வேகமா முன்னாடி போச்சுன்னா பின்னாடி எவ்வளவு ஒதைக்கும்? ஒதைச்ச ஒதையில, பிளாஸ்டிக் சேரோட பின்னாடியே போறேன். உக்கடம் போச்சு, மதுக்கரை போச்சு. வாளையார் செக்போஸ்ட்டுல குறுக்குக் கட்டையைப் போட்டுட்டாங்க. பர்மிட் எங்கன்னான் ஒருத்தன். நான் கேரளாவுக்கே வரலையப்பா, என்ற மூஞ்சி கோயமுத்தூரைத்தானே பார்த்துட்டிருக்குது, நான் ஊருக்குப் போறவன்னேன். சட்டப்படி அவனால ஒண்ணும் சொல்ல முடியலை. கட்டையைத் தூக்கி உட்டுட்டான்."

அப்பத்தான் சென்னியப்பன் பேப்பரை மடிச்சாரு.

"நாச்சிமுத்து, சட்டம்னு ஒரு வார்த்தை சொன்னீங்களே. செமி ஆட்டோமேட்டிக்கை விடாமச் சுடற மாதிரி மாத்தறது என்ன குத்தம்னு தெரியுங்களா? அது உள்ள போற சமாச்சாரம். ஜாமீனே லேசுல கெடைக்காது."

கூட்டம் என்னையப் பார்த்துச்சு. அந்த நேரத்துல வாயை மூடுனா நான் யாவாரியே இல்லை.

"தெரியுமுங்க. அதையும் பேசி முடிச்சாச்சு. அதிகாரி புஸ்தகத்தைத் தொறந்து, இத்தனை வருசம்னாரு. அது கம்பெனி வெலைங்க, கடைக்கு வந்தவனுக்கு என்ன வெலை சொல்லுங்கன்னேன். மொறைச்சாரு. நான் எந்திரிச்சு வாசல் வரைக்கும் நடந்தேன். வாசல் வரைக்கும் போனாத்தான் கூப்புடுவாங்க. கூப்புட்டாரு. பாதிக்கு வந்தாரு. உங்க ஜெயிலு பழசு, மழைக்கு ஒழுகுதுன்னு கேள்வி, அதுக்கு ஒரு கழிவு போடுங்கன்னேன். மாசக் கணக்குக்கு எறங்குச்சு, அப்புறம் நாள் கணக்கு. கடைசியில மத்தியானச் சோத்துக்குப் போயிட்டு வந்தாப் போதும்னாரு. கொழம்பு என்னன்னு கேட்டு, அதையும் ஒத்துக்கலை. பேச்சு முடிஞ்சப்ப அரசாங்கம் எனக்கு ரெண்டு நாள் பாக்கி. வேணுங்கறவனை ரெண்டு நாள் உள்ள வச்சுக்கலாம். நான் அதுக்கு மச்சினனை மனசுல வச்சிருக்கேன்."

பேக்கரியில சிரிப்பு நிக்கறதுக்கு நேரமாச்சு. கனகசபைக்குப் பப்ஸ் பொறையேறிப் போச்சு. சென்னியப்பன் மட்டும் சிரிக்கலை. டீ கிளாஸை ஓரமா நகத்தி வச்சாரு.

"ஸ்டேஷன்ல உங்க ரைபிளை ஒரு ஆளை வச்சுப் பார்க்கறாங்களே. அது ஆருன்னு கேட்டீங்களா?"

"ஆரா இருந்தா எனக்கென்னங்க?"

"நான்தான்."

ராயப்பன் ரேடியோவை நிறுத்திட்டான்.

"இன்னைக்குக் காலைலதான் பிரிச்சுப் பார்த்தேன்"ன்னாரு. "சுட்டுப் பார்க்கலாம்னு இழுத்தா, விடாமச் சுடறது இருக்கட்டும், ஒரு குண்டுகூட வரலை. உள்ள தையல் மெஷின் ஸ்பிரிங்கு ஒண்ணு கெடக்குது. அது எதுக்குன்னு போட்டவனுக்கே தெரியாது. பட்டறையை உட்டு வந்த நாள்ல இருந்து அது ஒருக்காக்கூடச் சுட்டதில்லீங்க. குழாய்க்குள்ள குளவி கூடு கட்டியிருக்குது."

"அப்ப விட்டுருவாங்களாங்க?" கனகசபை எனக்காகக் கேட்டான். நல்லவன்.

"அதெப்படி? மாத்தப் பார்த்தது குத்தம் குத்தம்தான். சுடலைங்கறதுனால அது சரியாயிருமா? லைசென்ஸை நிறுத்தி வச்சாச்சு, கேஸ் எழுதியாச்சு. நானும் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் குடுத்துட்டேன். சட்டத்துக்குப் புறம்பா மாத்த முயற்சி செய்யப்பட்டிருக்கிறது, மாற்றத்தால் பொருள் எதற்கும் உதவாததாகிவிட்டதுன்னு." கிளாஸைக் குடிச்சு முடிச்சாரு. "என்ற சர்வீஸ்ல எத்தனையோ கள்ளத் துப்பாக்கி பார்த்திருக்கேன். ஆருக்கும் பயமே இல்லாத கள்ளத் துப்பாக்கி இதுதானுங்க."

ஒருத்தனும் சிரிக்கலை. சிரிச்சிருந்தாக்கூடப் பரவால்லை. ராயப்பன் என்ற மூஞ்சியைப் பார்க்காம கண்ணாடி அலமாரியைத் தொடச்சான். கனகசபை முழுசா ஒரு பப்ஸ் வாங்கி என்ற முன்னால வச்சான். துக்கம் கேக்க வந்தவனாட்ட.

இப்பச் சொல்லுடா பட்டறைக்காரா. கேஸுன்னா கேஸு, நான் பயப்படறவனில்லை. சந்தையில வாங்காத அடியா, உள்ள குடுத்துருவாங்க? ஆனா கோர்ட்டுல கூப்புட்டு, ஊரு சனம் மொத்தமும் நிக்கறப்ப, இந்தாளு சட்டத்தை மீறி ஒரு துப்பாக்கியைக் குளவிக் கூடாக்கிட்டாருன்னு படிச்சா நான் எங்க போயி நிக்கறது? பக்கத்து செல்லுல இருக்கற கொலைகாரன் நீ என்னய்யா பண்ணினேன்னு கேட்டா என்ன பதில் சொல்லறது? தையல் மெஷின்னா சொல்லறது?

நீ செஞ்ச கோளாறை நீதான் நேர் பண்ணோணும். நாளைக்குக் காலைல குளிச்சுட்டு, டூல்ஸ் பையை எடுத்துட்டு, நேரா ஸ்டேஷனுக்கு வா. இன்ஸ்பெக்டருக்கு ஒரு வணக்கம் போடு. அவரு மேசை மேல வச்சு, அவரு கண்ணு முன்னாடியே, அந்த ஸ்பிரிங்கை எடுத்துட்டு, நாம பேசினபடி விடாமச் சுடற மாதிரி ஒழுங்கா மாத்திக் குடுத்துட்டுப் போ.