பதினேழாம் கேள்வியில் விழுந்தவர்கள்

ஐம்பத்தொரு வயதில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த கணக்கு வாத்தியார் அங்கமுத்துவுக்கு நெறியாளராக வாய்த்தவர் புள்ளியியல் பேராசிரியை ஜெபமலர். வாத்தியாரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அதிகம் பேசமாட்டார். அதனாலேயே அங்கமுத்துவுக்கு அவரிடம் பயம்.

அன்று மட்டும் பயமில்லை. மடிக்கணினியைத் திறக்கும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

"மேடம், ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தேர்வு. தொள்ளாயிரம் பேர், முப்பது கேள்வி. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல புள்ளியியல் மாடல்ல போட்டுப் பார்த்தேன். புதுசா ஒண்ணு சிக்கியிருக்கு."

"என்ன?"

"மத்த கேள்வியில வெளுத்து வாங்கின பிள்ளைங்க, பதினேழாம் கேள்வியில மட்டும் விழுந்திருக்காங்க. சுமாராப் படிக்கிறதுங்க அதுல தேறியிருக்கு. முந்நூத்திப் பன்னிரண்டு பேர் இப்படி விழுந்திருக்காங்க. 'தலைக்கன விளைவு'ன்னு பேர் வச்சிருக்கேன்."

"சரி."

"அவங்களுக்கு மே மாசம் முழுக்க ஒழுக்க வகுப்பு வைக்கணும்னு பரிந்துரையும் எழுதிட்டேன். நாளைக்கு கல்வி அலுவலகத்துக்குப் போகுது."

ஜெபமலர் திரையைப் பார்க்கவில்லை.

"வினாத்தாள் இருக்கா சார்?"

பையின் அடியில், டிபன் பாக்ஸுக்குக் கீழே கசங்கிக் கிடந்தது. நீவி எடுத்து நீட்டினார்.

"அந்தக் கேள்விக்கு நீங்க விடை குறிங்க."

அங்கமுத்துவுக்கு ரோஷம் வந்தது. இருபத்தாறு வருஷமாகக் கணக்கு நடத்துகிறவர். சுற்றளவு 24 செ.மீ. உள்ள சதுரத்தின் பரப்பளவு என்ன என்று கேட்டிருந்தது. பக்கம் ஆறு, பரப்பளவு முப்பத்தாறு. மனசிலேயே போட்டுவிட்டுப் பேனாவோடு விடைகளுக்கு இறங்கினார்.

24, 39, 42, 48.

பேனா நின்றது. மறுபடி போட்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். விடைக்குறிப்பு 'ஆ' என்றது. 'ஆ' என்பது 39.

"அச்சுல ஆறைத் தலைகீழாப் போட்டுட்டாங்க மேடம்."

"நீங்க எதைக் குறிக்கப் போறீங்க?"

"எதைக் குறிக்கிறது? விட்டுட வேண்டியதுதான்."

"அந்தப் பிள்ளைங்க என்ன பண்ணியிருக்காங்க?"

அங்கமுத்து பட்டியலை மேலிருந்து கீழே ஓட்டினார். முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டமும் வெறுமையாக இருந்தன. காது சிவந்தது. பரிந்துரைக் கடிதத்தைத் தேடி அழித்தார்.

மெல்லக் கேட்டார். "அப்போ மாடல் தப்பா மேடம்?"

"அதை ஏன் சார் குறை சொல்றீங்க? அதுவும் கேள்வியைப் படிக்கலை."