சங்கரன்கோவிலில் குடிக்காத காபி

“ஒரு காபி குறையுதும்மா,” என்றார் நீலமேகம்.

நாச்சி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“போட்டுத் தரச் சொல்றீங்களா?”

“அதில்லை. நான் பொய் சொல்லிட்டேன்.”

அப்போதுதான் நிமிர்ந்தாள்.

“உட்காருங்க.”

அவருக்கு வயது அறுபத்து நான்கு. அவளுக்கு முப்பத்தெட்டு. அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவள் அவள். ஒருநாள் பையையும் விசிலையும் ஒப்படைத்துவிட்டுச் சிறுமலை அடிவாரத்து ஓட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. மனம் கனத்தவர்கள் அவளைத் தேடி வந்தார்கள். குரு என்றார்கள். அவள் மறுக்கவுமில்லை, ஒப்புக்கொள்ளவுமில்லை.

நீலமேகம் முப்பத்து நான்கு வருடம் மின்வாரியத்தில் மீட்டர் பார்த்தவர். ஓய்வு பெற்ற மறுவாரம் ஒரு சபதம் எடுத்தார். கமலவல்லி காபி நிறுவனத்துக்குத் தமிழ்நாடு முழுக்க நூற்று அறுபத்து மூன்று கிளைகள். எல்லாவற்றிலும் ஒரு காபி குடித்துவிட வேண்டும்.

உலகத்தில் இதைவிடப் பெரிய பைத்தியங்கள் உண்டு. ஆனால் இதற்கு ஒரு பெண் ஆவணப்படம் எடுக்க வந்துவிட்டாள். ஜெசிந்தா. இருந்த வேலையை விட்டுவிட்டு நான்கு வருடமாகக் காமிராவோடு அவர் பின்னால் அலைகிறாள்.

நாளை கோயம்புத்தூர். கடைசிக் கிளை. மாலை, பேனர், மேளம் எல்லாம் தயார்.

“எந்தக் கடையில குடிக்கல?” என்றாள் நாச்சி.

“சங்கரன்கோவில். குடிச்சதா நோட்டுல டிக் போட்டுட்டேன்.”

“அவ்வளவுதானே. திரும்பப் போய்க் குடிச்சிட்டு வாங்க.”

“கடையே இல்லம்மா. ரோட்டை அகலப்படுத்தப் போன மாசம் இடிச்சிட்டாங்க.”

நாச்சி ஒரு காம்பை உருவினாள்.

“படத்துல முதல் வசனமே என்னோடதுதான்,” என்றார். “‘ஒவ்வொரு கிளையிலயும் ஒரு காபி, கடைசிச் சொட்டு வரைக்கும்.’ இப்ப உண்மையைச் சொன்னா அந்தப் பொண்ணோட நாலு வருஷம் வீண். சொல்லாட்டி, நாளைக்கு அந்த மாலைக்கு நான் எப்படிக் கழுத்தை நீட்டுவேன்?”

“அந்தப் பொண்ணு எங்க?”

“ஜெசிந்தாவா? வெளியே, கார்ல. நீங்க காமிராவோட வரக்கூடாதுன்னு சொன்னதாச் சொல்லிட்டேன்.”

“அது ரெண்டாவது பொய்.”

அவர் தலை குனிந்தார்.

“ஏம்மா ஜெசிந்தா!” நாச்சியின் குரல் பேருந்தின் கடைசி இருக்கை வரை எட்டிப் பழகியது. “வெயில்ல என்ன பண்றே? உள்ள வா!”

ஜெசிந்தா வந்தாள். காமிராவை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நீலமேகம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“கரூர்ல காபி எப்படி இருந்துது?” என்று நாச்சி அவரிடம் கேட்டாள்.

“நல்லாருந்துது.”

“கும்பகோணத்துல?”

“நல்லாருந்துது.”

“நாகர்கோவில்ல?”

“எல்லா ஊர்லயும் ஒரே டிகாஷன்தானம்மா.”

“கரூர்ல யார் கொண்டுவந்து வெச்சா?”

அவர் யோசித்தார். “யாரோ.”

“அன்னிக்கு மழையா, வெயிலா?”

அவர் கை நோட்டுக்குப் போனது.

“நோட்டு வேண்டாம்.”

கை திரும்பி வந்தது. முற்றத்தில் ஒரு தவிட்டுக்குருவி கத்திவிட்டு ஓய்ந்தது.

“சங்கரன்கோவில்ல?”

நீலமேகம் ஜெசிந்தாவைப் பார்த்தார். வேறு வழியில்லை.

“நீ பஸ்ல இடம் போடப் போயிருந்தேம்மா. அப்ப நடந்தது. மேசை துடைக்கிற அம்மா ஒருத்தி, துணியும் கையுமா அப்படியே தரையில உட்கார்ந்துட்டா. தலைசுத்தல். காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலையாம். என் டபராவை அவ பக்கம் நகர்த்தினேன். முதல்ல கல்லாவைத்தான் பார்த்தா. மூணு வருஷமா அங்க வேலை செய்யறா. அந்தக் காபியை ஒருநாளும் வாயில வெச்சதில்லையாம். ரெண்டு தரம் ஆத்தினா. மேலே நுரை பொன்னு மாதிரி நின்னுது. மோந்து பார்த்தா. அப்புறம்தான் குடிச்சா. எனக்கு இது தொண்ணூத்தி ஓராவது கடைன்னேன். ‘இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்திய? சீனி காணாதுய்யா’ன்னா.”

அவரையறியாமல் சிரித்தார்.

“முன்பல் ஒண்ணு உடைஞ்சிருக்கும். சிரிச்சா கையால மறைச்சுக்குவா. வெளியே தூறல். ஜன்னல் வழியா மண்வாசனை அடிச்சுது, காபி வாசனையோட சேர்ந்து. பேச்சித்தாய்னு பேரு. அதுக்குள்ள பஸ்காரன் ஹாரன் அடிச்சான். இன்னொண்ணு வாங்கிக் குடிக்க நேரமில்ல. பில்லை எடுத்துக்கிட்டு ஓடி வந்துட்டேன்.”

ஜெசிந்தா அவர் பக்கம் திரும்பினாள்.

“ஒவ்வொரு கடை வாசல்லயும் நான் கேட்டேனே சார், எப்படி இருந்துதுன்னு,” என்றாள். “நாலு வருஷமா ‘நல்லாருந்துது’ன்னு ஒரே வார்த்தைதானே சொன்னீங்க?”

“கோவிச்சுக்கோம்மா. உனக்கு உரிமை இருக்கு.”

“கோவமில்ல சார். இதைப் போய் மறைச்சீங்களேன்னுதான்.”

அவர் நாச்சியிடம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

“சொல்லிட்டேன். ஆனாலும் ஒண்ணு குறையுதே, அதுக்கு நான் என்ன செய்ய? இடிஞ்சு போன கடையில எங்க போய்க் குடிப்பேன்?”

நாச்சி அவர் மடியிலிருந்த நோட்டை வாங்கினாள். பக்கங்களைப் புரட்டினாள். தேதி, நேரம், ஊர், டிக். தேதி, நேரம், ஊர், டிக்.

மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

“நீங்க தப்பா எண்ணியிருக்கீங்க, ஐயா.”

“எப்படிம்மா?”

“ஒண்ணுதான் முடிஞ்சிருக்கு. குறையுறது நூத்தி அறுபத்திரண்டு.”

நீலமேகம் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார்.

“ஜெசிந்தா,” என்றார், “கோயம்புத்தூருக்குக் கரூர் வழியாவும் போகலாம்தானே?”