விளைச்சல் மேன்மைப் படை

நெடுங்கரிசல் என்றொரு சீமை. அங்கே மழை கொஞ்சம், சோளம் நிறைய, அதிகாரிகள் அதைவிட நிறைய. ராஜா கனகசேதிராயர் நல்ல மனுஷன்தான். குடியானவர்களுக்கு நாலு காசு லாபம் வர வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டவர். அதற்காக ‘விளைச்சல் மேன்மைப் படை’ என்று ஒன்றை ஏற்படுத்தி, அமைச்சர் ஆபத்சகாயத்தைத் தலைவராக்கினார். லாபம் வரவில்லை. படையை இரண்டு மடங்காக்கினார். இருந்த லாபமும் போயிற்று.

ஒருநாள் மாடத்தி என்ற குடியானவப் பெண் சபைக்கு வந்தாள். தலையில் சின்னக் கூடை, அதில் கொஞ்சம் சோளம்.

“காணிக்கையாம்மா?” என்றார் ராஜா.

“இல்ல மகாராசா. என் மகசூல்.”

சபை சிரித்தது. மாடத்தி சிரிக்கவில்லை.

“களத்துல அடிச்சு அம்பாரமாக் குவிச்சேன். உங்க ஆளுக வந்து ஈரமண்ணால முத்திரை குத்தினாக. பெரிய அதிகாரி பாக்காம கை வைக்கக் கூடாதுன்னாக. அவரு வர்றதுக்குள்ள மழை வந்துட்டுது. முளைச்சது போக மிச்சத்துல மண்ணு பாக்கிறவரு ஒரு மரக்கா, கதிரு பாக்கிறவரு ஒரு மரக்கா, இவுக சரியாப் பாத்தாகளான்னு பாக்கிறவரு ரெண்டு மரக்கா. கேட்டா ‘மாதிரி’க்காம். உங்க பங்கையும் அளந்தாச்சு. மிச்சம் இதுதான். விதைக்கு வச்சா கஞ்சி இல்ல, கஞ்சி காய்ச்சினா விதை இல்ல. அடுத்த வெள்ளாமையும் இப்படின்னா, நிலத்தைப் போட்டுட்டு சீமையை விட்டே போயிருவேன்.”

கொண்டல்சாமி முன்னால் வந்தான். ராஜா பக்கத்தில் நின்று பேசுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற வாய்க்காரன் அவன்.

“சோளத்துக்கு ஊடே பாசிப்பயறு போட்டிருந்தால் கைக்கு உதவியிருக்குமே தாயி?”

“போட்டேனே சாமி. பாக்க அசிங்கமா இருக்குன்னு பிடுங்கச் சொல்லிட்டாகளே!”

ஆபத்சகாயம் தொண்டையைக் கனைத்தார். “மகாராஜா, படைக்கு ஆள் போதவில்லை. அதுதான் குறை.”

“ஆளெல்லாம் போதும்” என்றான் கொண்டல்சாமி. “நிற்கிற இடம்தான் சரியில்லை.”

அமைச்சருக்கு மூக்கு விடைத்தது. “அப்படியா? இவனிடமே விடுங்கள் மகாராஜா! நிலம் கூடக் கூடாது, அரண்மனைப் பங்கில் ஒரு மணி குறையக் கூடாது. அடுத்த அறுவடைக்கு இந்தக் கூடை வண்டியாக வேண்டும். ஆகாவிட்டால் இவன் நாட்டை விட்டுப் போகட்டும்!”

ராஜாவுக்குப் பந்தயம் என்றால் போதும். “என்னடா சொல்கிறாய்?”

“சம்மதம் மகாராஜா. மேன்மைப் படையை மட்டும் ஒரு வெள்ளாமைக்கு என் வசம் விடுங்கள்.”

“பார்த்தீர்களா, என் ஆட்கள் இல்லாமல் இவனால் ஆகாது!” என்று ஆபத்சகாயம் துள்ளினார்.

வெளியே வந்ததும் கொண்டல்சாமி அவர் காதோரம் போனான். “ஐயா, ஓரிடம் இருக்கிறது. அம்பாரம் ஒவ்வொன்றும் ஆனை உயரம். மாதிரி எடுக்க அங்கே ஒரு நாதி கிடையாது.”

ஆபத்சகாயத்துக்குப் பந்தயம் மறந்தே போயிற்று. “சின்னப் பயல்களை நம்ப முடியாது. நானே நேரில் போகிறேன்.”

மறுநாளே படை கிளம்பியது. ஒரு கையில் முத்திரைக்கட்டை, மறுகையில் காலிச் சாக்கு.

அடுத்த அறுவடை முடிந்தது. மாடத்தி வண்டியில் வந்து இறங்கினாள். அடியில் சோள மூட்டை, அதன்மேல் பயறு மூட்டை, அதற்கும் மேலே அவள்.

ராஜாவுக்கு வாய் மூடவில்லை. “என்ன உரம் போட்டாய்? எந்த ஊர் விதை?”

“அதே கூடை விதைதான் மகாராசா. இந்தத் தடவை யாரும் வரல. அறுத்தேன், அடிச்சேன், உங்க பங்கை அளந்தேன், மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டாந்தேன்.”

“அப்படியென்றால் படை எங்கேடா?” என்று ராஜா திரும்பினார்.

கொண்டல்சாமி வாயைத் திறக்கும் முன்பே ஒரு தூதன் ஓடிவந்து காலில் விழுந்தான். மேலைச்சீமைத் தூதன். வருஷம் தவறாமல் எல்லையில் மாடு பிடித்துப் போகிற பகை நாடு அது.

“மகாராஜா! பிடித்த மாடுகளை எல்லாம் ஓட்டி வந்துவிட்டோம். திறையும் கட்டுகிறோம். அன்பளிப்பு என்று சொல்லி ஒரு படையை அனுப்பினீர்களே, தயவுசெய்து திருப்பி அழைத்துக்கொள்ளுங்கள்! எங்கள் களமெல்லாம் துடைத்தாற்போல் கிடக்கிறது. அரண்மனைக் குதிருக்கும் முத்திரை குத்திவிட்டார்கள். பெரிய அதிகாரி வந்து பார்க்கும்வரை எங்கள் ராஜாவே பட்டினி!”

கனகசேதிராயர் சிரித்த சிரிப்பில் கிரீடம் மடியில் விழுந்தது. கைக்காப்பைக் கழற்றிக் கொண்டல்சாமியிடம் வீசினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மாட்டை வாங்கிக்கொள்வோம். படையை என்னடா செய்வது?” என்றார்.

மாடத்தி சட்டென்று தன் மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

கொண்டல்சாமி தூதனைக் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினான். தோளில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டான். பிறகு வெகு மரியாதையாகக் கேட்டான்:

“ஏன் ஐயா, உங்களுக்கு அந்தப் பக்கம் பகை நாடு ஒன்றுகூடவா இல்லை?”