எருமைத் தலைக் கொட்டாப்புளி

அடி வாங்க வாங்க அழகாகும், ஆனால் அழாது. அது என்ன? பள்ளிக்கூடப் பிள்ளை என்று சொல்லிவிடாதீர்கள், அது அழும். கார் மட்கார்டுத் தகரம்தான். தட்டுகிறவர் தலையில் ஏதாவது இருந்தால் அழகாகும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது நெட்டாம்பட்டியில், மேஸ்திரி ராசப்பனின் பட்டறையில் தெரிந்தது.

ராசப்பனின் கைவேலை சுத்தமானது. சொன்னதைச் சொன்னபடி செய்வார். அதற்கு மேல் ஒரு நூல் யோசிக்க மாட்டார். அவருடைய ஆட்கள் செவத்தியானும் ஒண்டிமுத்தும் அந்த ஒரு நூல்கூட யோசிக்காதவர்கள்.

பட்டறை இருந்த ஷெட், ரைஸ்மில் நல்லசிவத்துடையது. அவருடைய தாத்தா காலத்துக் காரின் இடது மட்கார்டை எப்போதோ ஓர் எருமை முட்டிப் பள்ளமாக்கியிருந்தது. மிச்சத்தைத் துரு தின்றது. பொங்கலன்று நடக்கும் பழைய கார் ஊர்வலத்தில் பேத்தியோடு போக அவருக்கு ஆசை.

“பழசு எப்படி இருக்குதோ அப்படியே புதுசு வேணும் மேஸ்திரி. கெடுத்தீங்கன்னா ஷெட்டைப் புரோட்டாக் கடைக்கு விட்டுடுவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராசப்பனுக்குத் தூக்கம் போயிற்று. அந்தக் காரின் வளைவுக்கு எந்தக் கடையிலும் அச்சு கிடைக்காது. வேப்பங்கட்டையில் தானே ஒன்று செதுக்கினார். அதன்மேல் தகரத்தை வைத்து மூவரும் தட்டி வளைத்தார்கள். வழவழவென்று வந்தது. அதுதான் அவர்களுக்குப் பயமாக இருந்தது.

“பழசுல பள்ளம் இருக்கு. இதுல இல்லையே” என்றான் செவத்தியான்.

ராசப்பன் மரச் சுத்தியலை, அந்தக் கொட்டாப்புளியை, ஓங்கினார். ஒண்டிமுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணே, அது எருமை போட்ட பள்ளம். இதால அடிச்சா கொட்டாப்புளி போட்ட பள்ளமால்ல இருக்கும்? ஓனரு கண்டுபிடிச்சுடுவாரு.”

நியாயமாகத்தான் பட்டது ராசப்பனுக்கு. அந்த எருமை செத்துப் பல வருஷம் ஆயிற்று. ஆகவே அதன் தலையை மரத்தில் செதுக்குவதென்று முடிவாயிற்று. கொம்பு எவ்வளவு வளைவு என்பதில் ஒரு பகல் போனது. அது கோபத்தில் முட்டியதா, பயத்தில் முட்டியதா என்பதில் இன்னொரு பகல். கோபம்தான் என்று தீர்மானித்து, புருவத்தைக் கொஞ்சம் இறக்கினார்கள். பிறகு மூவரும் தலையைத் தூக்கிக்கொண்டு தெருமுனையிலிருந்து ஓடிவந்து முட்டினார்கள். பள்ளம் பிசகாமல் விழுந்தது. அதன்மேல் பெயிண்ட் அடித்து, பாலிஷும் போட்டுக் காரில் மாட்டினார்கள்.

நல்லசிவம் பேத்தி கயலோடு வந்தார். காரைச் சுற்றி நடந்தார். முகம் கறுத்தது.

“வலது பக்கம் எவ்வளவு லட்சணமா இருக்கு, இதைப் பாருங்க. ரெண்டும் ஒண்ணுபோல இருக்க வேண்டாமாய்யா?” என்று கேட்டுவிட்டு, படபடப்பு தாங்காமல் பேத்தியையும் கூட்டிக்கொண்டு அடுத்த தெருக் கடைக்குத் தண்ணீர் குடிக்கப் போனார்.

இதை முன்னாடியே சொல்லித் தொலைத்திருந்தால் அப்போதே செய்திருக்கலாமே என்று ராசப்பன் சலித்துக்கொண்டார். எருமைத் தலையை மறுபடி தெருமுனைக்குத் தூக்கிப் போனார்கள். நல்லசிவம் திரும்பி வருவதற்குள் இரண்டும் ஒன்றுபோல ஆகிவிட்டன.

நல்லசிவம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ராசப்பன் கைகட்டி நின்றார். சொன்னதில் எதைக் குறைத்தோம் என்று அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. ஷெட் போனால் மூன்று பேரும் எங்கே போவோம் என்று கேட்டார்.

அவர்களோடு இனிப் பேச நல்லசிவத்துக்குத் தெம்பில்லை. பேத்தி பக்கம் திரும்பினார்.

“நீயே சொல்லும்மா. ஷெட்டை இவங்களுக்கே விடலாமா, புரோட்டாக் கடைக்கு விடலாமா?”

கயல் மூன்று பேரையும் பார்த்தாள். அவர்கள் தூக்கி வைத்திருந்த தலையையும் பார்த்தாள். எருமைக்கு விடச் சொன்னாள்.